பாய் கையில் பிடித்த புகை

ஆடி 4, திங்கள்

காலையிலிருந்தே காற்று. தொப்பி பறந்து எதிர்க்கடை வாசலில் விழுந்தது. இன்றைய வேலை, ஏணியைப் பிடித்துக்கொள்வது. ஆபீஸ் வாசலில் புது போர்டு மாட்டினார்கள்.

என்ன போர்டு என்று யாரையும் கேட்கவில்லை. ஆணி அடித்து முடிந்ததும் நானே படித்தேன். உள்ளே. புகை. பிடிக்கக். கூடாது. மறுபடி முதலிலிருந்து, சேர்த்து. ஏணி மேலே இருந்த எலெக்ட்ரீஷியன் குனிந்து பார்த்தான்.

"என்ன தாத்தா முணுமுணுக்கிறீங்க, மந்திரமா?"

"ஆமாப்பா."

பொய் இல்லை. நேற்றுவரை வெறும் சுவர். இன்று அது பேசுகிறது. ஒரு தடவை எழுதி மாட்டிவிட்டார்கள், இனி மழையானாலும் வெயிலானாலும் அதையே சொல்லிக்கொண்டு நிற்கும். தொண்டை கட்டாது. லீவு கேட்காது. வாட்ச்மேன் வேலைக்கு என்னைவிடப் பொருத்தம்.

'பிடிக்கக்' என்பதன் கடைசியில் ஒரு க் நிற்கிறது. அடுத்து 'கூடாது' வருகிறது என்று அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறது. டீச்சரிடம் கேட்க வேண்டும், எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு ஆள் உண்டா என்று.

டீச்சர் என்றால் பரிமளா டீச்சர். ஸ்ரீரங்கத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு எடுப்பவர். தினமும் ஏதாவது எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார். ஆபீஸில் ஒரு டைரி மீதி இருந்தது. முதல் பக்கத்தில் மாணிக்கம் என்று எழுதினேன். எழுதிவிட்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக என்னை எல்லாரும் கூப்பிட்டது இதைச் சொல்லித்தான். முகம் இப்போதுதான் தெரிகிறது.

போர்டு எதற்கு என்றால், எங்கள் ஆபீஸ் பசுமைக் கட்டடம் ஆகப்போகிறது. அதற்கு சர்டிபிகேட் உண்டு. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பச்சை பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள் என்று செல்வியிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். செல்வி என் மகள். பூக்கடையில் வேலை. அவளும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்றுதான் தெரிந்தது, பெயிண்ட் இல்லை. கரெண்டை வீணாக்கக் கூடாது, தண்ணீரை வீணாக்கக் கூடாது, காற்றைக் கெடுக்கக் கூடாது. அப்படி இருந்தால் வெள்ளைச் சுவரும் பச்சைதான்.

விரல் வலிக்கிறது. நிறுத்துகிறேன்.


ஆடி 5, செவ்வாய்

காற்று குறையவில்லை. வெற்றிலை வாங்க வேண்டும். இடது செருப்பு வார் போய்விட்டது.

பசுமைக் கட்டட வேலைக்கு வந்திருக்கிற பெண் பெயர் கவிதா. துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தவள். ஆபீஸில் எல்லாரும் கவிதா மேடம் என்கிறார்கள், நானும் அப்படியே. அவள் என்னைத் தாத்தா என்கிறாள்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு பெட்டி மாட்டினாள். சின்னது, சாமி படம் அளவு. அதில் எண் தெரிகிறது, பச்சை விளக்கு எரிகிறது.

"இது என்னம்மா?"

"காத்து எப்படியிருக்குன்னு சொல்லும் தாத்தா. கெட்டுப்போனா சிவப்பு."

"கண்ணுக்குத் தெரியாதே."

"அதுக்குத் தெரியும். கிட்ட போய் மூச்சு விட்டுப் பாருங்க."

விட்டேன். எண் ஏறியது. தள்ளிப் போனேன். கொஞ்ச நேரத்தில் இறங்கியது. மறுபடி போய் விட்டேன். ஏறியது. நான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரிகிறது. ரிசப்ஷன் பெண் சிரித்துவிட்டு, "தாத்தா, இன்னும் ஒரு தடவை ஊதினீங்கன்னா உங்களையே வெளிய அனுப்பிருவாங்க" என்றாள்.

பிறகு டேப் பிடிக்கச் சொன்னாள் மேடம். கதவிலிருந்து இருபத்தைந்து அடி, ஜன்னலிலிருந்து இருபத்தைந்து அடி, ஏ.சி. காற்றை உள்ளே இழுக்கிற ஓட்டையிலிருந்தும் அவ்வளவே. அதற்கு இந்தப் பக்கம் யாரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. வெளியே குடித்தாலும் புகை நடந்து உள்ளே வந்துவிடுமாம். எல்லாம் அளந்து பார்த்ததில் கேட் ஓரம் பாதாம் மரத்தடிதான் மிச்சம். அங்கே மஞ்சள் கோடு போட்டார்கள்.

மத்தியானம் அக்கவுண்ட்ஸ் சபாபதி சார் வழக்கம்போலப் படிக்கட்டில் நின்று சிகரெட்டை எடுத்தார். நான் எழுந்து போனேன். வாய் திறக்கவில்லை. போர்டைக் காட்டினேன்.

"அட, போன வாரம்வரைக்கும் எனக்குத் தீப்பெட்டி குடுத்தவர் நீங்க."

"போன வாரம் போர்டு பேசலையே சார்."

முறைத்தார். ஆனால் போனார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, காற்றில் ஒவ்வொரு குச்சியாக உரசி உரசிப் பார்த்தார். எதுவும் பற்றவில்லை.

சம்பளம் அதிகம் வாங்குகிற மனிதர். நான் சொன்னால் கேட்டிருக்க மாட்டார். எழுத்து சொன்னது, போனார். உடம்பு சிலிர்த்தது.


ஆடி 6, புதன்

வகுப்பு. வரும் வழியில் பஸ் நெற்றியில் ஸ்ரீரங்கம் என்று படித்தேன். இந்த ஊரிலேயே கிடந்தவன். அந்த ஸ்ரீ என்கிற எழுத்தைக் கோலம் என்றுதான் நினைத்திருந்தேன். பஸ்ஸை அடையாளம் கண்டுபிடிக்க அந்தக் கோலம் போதும் எனக்கு. அதற்குள் ஒரு சத்தம் இருக்கிறது என்று இந்த வயதில்தான் தெரிந்தது.

டீச்சரிடம் போர்டைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "அப்ப இன்னிக்கு 'புகை'யில ஆரம்பிக்கிற வார்த்தையெல்லாம் சொல்லுங்க" என்றார்.

ஆரோக்கியசாமி, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர், முதலில் கை தூக்கினார். புகைவண்டி. அவர் சொல்லாமல் யார் சொல்வது. டீச்சர் புகைப்படம் என்றார். போட்டோவில் புகை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. நான் புகையிலை என்றேன். எழுதிப் பார்த்தால் புகை, இலை. இரண்டும் உள்ளேயே இருக்கிறது. எத்தனை தடவை வெற்றிலையோடு வாயில் போட்டிருப்பேன், ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

கை என்று எழுதும்போது அந்த இரட்டைச் சுழி முன்னால் வந்து நிற்கிறது, ஆனால் சத்தம் பின்னால்தான் வருகிறது. முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கடைசியில் பேசுகிற சம்பந்தி மாதிரி. ஆரோக்கியசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு ஐந்து சம்பந்தி.

பு, கை. புகைக்குள் ஒரு கை இருக்கிறது. தூக்கம் வரும்வரை இதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.


ஆடி 8, வெள்ளி

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதும் அளவுக்குப் பெரிய காரியம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் காதர் பாய் வருவார். பாலக்கரைக்காரர். சாம்பிராணி போடுகிறவர். (சாம்பிராணி. அடித்தல் இல்லாமல் எழுதிவிட்டேன்.) கடை கடையாக, ஆபீஸ் ஆபீஸாகப் போய், தூபக்காலில் நெருப்பை மயிலிறகால் விசிறி, சாம்பிராணி தூவி, கல்லாப்பெட்டிக்கும் மேஜைக்கும் காட்டிவிட்டு, வாய்க்குள் துஆ சொல்லி வேண்டிக்கொண்டு போவார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார். எங்கள் கட்டடம் பழைய ஓட்டுக்கட்டடமாக இருந்த காலத்திலிருந்தே வருகிறார். போகும்போது என் தலையில் மயிலிறகால் ஒரு தொடல். அது எனக்கு மட்டும்.

இன்று தூரத்திலேயே தெரிந்தார். காற்றில் புகை அவருக்கு முன்னால் ஓடி வந்தது. எனக்கு உடனே போர்டு ஞாபகம் வந்தது. சிகரெட்டும் புகைதான், சாம்பிராணியும் புகைதான். பாய் அதைக் கையில் பிடித்திருக்கிறார். புகை பிடிக்கக் கூடாது. இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்? எழுதினவர்கள் பாயை நினைத்தே எழுதினார்களோ என்று தோன்றியது.

படியில் நிறுத்தினேன்.

"பாய், நில்லுங்க. புது போர்டு வந்திருக்கு."

"என்னண்ணே போர்டு?"

எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவரிடம் சொல்லியதில்லை. திடீரென்று ஒரு நாள் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். காட்டினேன். விரலை வைத்துக் காட்டினேன்.

"இதோ பாருங்க, 'உள்ளே'. அதோ கடைசியில, 'கூடாது'."

"கூடாதா?"

"கூடாது."

"யாரு சொன்னது?"

"மேல இருந்தே சொல்லிட்டாங்க பாய். நம்ம ஆபீஸ் மட்டுமில்ல, பெரிய பெரிய ஆபீஸ் எல்லாத்துலயும் இனிமே இப்படித்தானாம்."

பாய் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சீங்களா?"

"நானேதான்."

"நல்லதுண்ணே" என்றார். திரும்பி நடந்தார். காற்று இப்போது அவருக்கு எதிரிலிருந்து அடித்தது. புகை முகத்தை மூடிக்கொண்டது.

ஒரு ஆளை நிறுத்திவிட்டேன். அதுவும் பழகின ஆளை. தயவு தாட்சண்யம் பார்க்காமல். எழுத்துக்கு முன் எல்லாரும் சமம் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.


ஆடி 9, சனி

செருப்பு தைத்தாயிற்று. வெற்றிலை. செல்விக்குத் தலைவலி மாத்திரை. குடைக்கம்பி, மறந்துவிட்டேன்.

நேற்று பாய் என் தலையில் தொடவில்லை. இன்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.


ஆடி 10, ஞாயிறு

வகுப்பு கிடையாது. காலையில் வெயில், பிறகு காற்று. ராஜகோபுரம் வரை நடந்தேன். அண்ணாந்து பார்த்தால் இன்றைக்கும் கழுத்து வலிக்கிறது, இன்றைக்கும் வாய் திறந்துகொள்கிறது. எத்தனை வருஷம் பார்த்தாலும் பழகாத சில இருக்கின்றன.

சாப்பிடும்போது செல்வியிடம் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவள் சோறு போட்ட கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"சாம்பிராணி பாயை நிறுத்திட்டீங்களா?"

"போர்டுல இருக்கும்மா. புகை பிடிக்கக் கூடாது."

"அது பீடி சிகரெட்டுக்குப்பா."

"நாம பீடி குடிக்கிறதுன்னுதானே சொல்லுவோம். குடிக்கக் கூடாதுன்னு எழுதலையே. பிடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பாய் பிடிச்சிருந்தாரு."

"அப்பா, எழுத்துல சிகரெட் குடிக்கிறதுக்குப் பேரே புகை பிடிக்கிறதுதான். சாம்பிராணியை யாராவது பிடிப்பாங்களா? போடுவாங்க. இல்லன்னா காட்டுவாங்க. படிச்சீங்க சரி, முழுசாப் படிக்கலையே."

மோர் ஊற்றிக்கொண்டேன்.

எத்தனை விதம் பாருங்கள். பீடியைக் குடிக்கிறோம். சாம்பிராணியைப் போடுகிறோம். சாமிக்குக் காட்டுகிறோம். எழுத்தில் வரும்போது குடிப்பது பிடிப்பதாகிவிடுகிறது. நான்கு சொல்லையும் தப்பில்லாமல் படித்தேன். நான்கும் சேர்ந்து என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம் போலிருக்கிறது. எழுத்து இவ்வளவு ஆழம் என்று நான் நினைக்கவில்லை. பயமாகவும் இருக்கிறது, இன்னும் படிக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

நாளை மேடத்திடம் கேட்க வேண்டும்.


ஆடி 11, திங்கள்

நான் கேட்பதற்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். (மேனேஜர் என்று முழுதும் எழுத நேரம் பிடிக்கிறது. இனி மே. சார்.)

"என்னங்க மாணிக்கம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடலையாமே? முதலாளியம்மா வாசனை இல்லையேன்னு கேக்கிறாங்க. ஆடி வெள்ளி வேற."

சொன்னேன். மே. சார் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. சபாபதி சார் அந்தப் பக்கம் வந்தவர் கேட்டுவிட்டு, "என்னை விரட்டினப்பவே நினைச்சேன், அடுத்து சாமியையே விரட்டுவாருன்னு" என்றார்.

கவிதா மேடம் வந்தாள். விதியில் என்ன இருக்கிறது என்று மே. சார் கேட்டார். அவள் போனில் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"புகையிலைப் புகைதான் சார் சொல்லியிருக்கு. இப்ப வர்ற எலெக்ட்ரிக் சிகரெட்டும் சேர்த்து. சாம்பிராணின்னு எங்கயும் இல்ல."

"அப்ப போடலாம்ல?"

"ஒரு நிமிஷம் சார்."

பூஜை அலமாரியிலிருந்து ஒரு கப் சாம்பிராணி எடுத்து, அந்தச் சுவர்ப் பெட்டிக்குக் கீழே ஏற்றி வைத்தாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். புகை சுருண்டு மேலே போனது. எண் ஏறியது. ஏறியது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானது. பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

"அதுக்கு எது சிகரெட், எது சாம்பிராணின்னு தெரியல சார்" என்றாள் மேடம். மெதுவாகத்தான் சொன்னாள். அவளுக்கே ஆச்சரியம் போல.

ஆக நான் நினைத்ததும் சரி, தப்பும். போர்டைத் தப்பாகப் படித்தேன். ஆனால் பெட்டி என் கட்சி. இப்படியும் ஒருவன் மாட்டிக்கொள்வானா?

கடைசியில் மே. சார் சொன்னது: சர்டிபிகேட் ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள். இனிமேல் எந்தப் புகையும் உள்ளே வேண்டாம். சாம்பிராணியை மரத்தடியில் போடட்டும், வேண்டியவர்கள் வெளியே வந்து வாங்கிக்கொள்ளட்டும். பாயிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பாய்க்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி. எடுக்கவில்லை. என் நம்பர் அவருக்குத் தெரியும்.


ஆடி 13, புதன்

இன்று லீவு கேட்டு வாங்கினேன். பாலக்கரை போய்வந்தேன்.

பஸ் பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது. போன வாரம் மணலாகக் கிடந்தது. இன்று கரைக்குக் கரை. யாரோ ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு குழந்தை, "அம்மா, யாரும்மா ஊத்தினா?" என்றது. சிரித்தேன். அப்புறம் பாயிடம் என்ன சொல்வது என்ற யோசனை வந்து சிரிப்பு போய்விட்டது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே பாய் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். பாய்க்குப் படிக்கத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஓதுகிறார். விரல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகிறது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பக்கமிருந்தும் படிக்கலாமா? அப்படியும் எழுத்து உண்டா? ஊருக்குள்ளேயே, இரண்டு பஸ் தூரத்தில்?

முடித்துவிட்டு நிமிர்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"வாங்கண்ணே. உக்காருங்க."

மருமகள் டீ கொண்டுவந்தாள். குடித்தேன். போன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"என்ன பேசறதுண்ணே. அதான் போர்டே வச்சுட்டாங்களே."

"அது பாய், புகைக்கு..."

"விடுங்கண்ணே. ரெண்டு கடையில சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, இனிமே வர வேணாம் பாய், நாங்களே கம்ப்யூட்டர் சாம்பிராணி வச்சுக்கிறோம்னு. சரின்னு வந்துட்டேன். நம்ம ஆபீஸ்ல எழுதியே மாட்டிட்டாங்க. எங்க ஆளுங்க உள்ள வரக் கூடாதுன்னு. காலம் அப்படி இருக்குன்னு அதையும் தாங்கிக்கிட்டேன். ஆனா அதை நீங்க விரல் வச்சுப் படிச்சுக் காட்டினீங்க பாருங்க. சந்தோஷமாப் படிச்சீங்க. அதுதான் எனக்கு..."

மயிலிறகு விசிறியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. உள்ளே. கூடாது. நான் காட்டியது அந்த இரண்டு சொல்தான். நடுவில் இருந்ததைச் சொல்லவில்லை. புகை அவர் கையில் இருந்தது, அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மேல இருந்தே சொல்லிட்டாங்க என்றேன். எல்லா இடத்திலும் இனிமே இப்படித்தான் என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவர் வீட்டுத் தரையில் விரலால் நான்கு சொல்லையும் எழுதினேன். சிமெண்டுத் தரை. ஒன்றும் பதியவில்லை. இருந்தாலும் எழுதினேன். இது உள்ளே. இது புகை. இது பிடிக்கக். இது கூடாது. சிகரெட்டுக்கு பாய். நான்தான் முட்டாள்தனமாக சாம்பிராணி என்று நினைத்துவிட்டேன். சுவரில் மாட்டின பெட்டி, சிவப்பு விளக்கு, மே. சார், மரத்தடி எல்லாம் சொன்னேன். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. சொல்லச் சொல்ல எனக்கே கதை மாதிரி இருந்தது. அவர் எப்படி நம்புவார்?

பாய் தரையைப் பார்த்தார்.

"எனக்கு இந்த எழுத்து தெரியாதுண்ணே. எனக்குத் தெரிஞ்ச எழுத்துக்கு அர்த்தம் தெரியாது. சின்ன வயசுல ஓதக் கத்துக் குடுத்தாங்க, ஓதுறேன். நீங்க என்ன சொன்னாலும் நான் நம்பித்தான் ஆகணும்."

"நம்புங்க பாய்."

"அன்னிக்கும் நம்பினேன்ல."

காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

அர்த்தம் தெரியாமல் அவர் ஒரு எழுத்தும் பிசகாமல் ஓதுகிறார். நான் அர்த்தம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு ஒரு மனிதரை வாசலில் நிறுத்தினேன்.

கிளம்பும்போது கேட்டார். "அப்ப இப்பவும் வெளியதான் நிக்கணுங்கிறீங்க?"

"புகை வெளிய நிக்கட்டும் பாய். நீங்க உள்ள வாங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாள் நீங்க உள்ள உக்காந்து டீ குடிச்சிருக்கீங்களா?"

"நெருப்பைக் கையில வச்சுக்கிட்டு எங்க உக்கார்றது?"

"அதான். இப்ப உக்காரலாம்ல."

சிரிக்கவில்லை. "பாப்போம். இன்ஷா அல்லா" என்றார்.


ஆடி 15, வெள்ளி

காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. ஸ்டூலை கேட் பக்கம் போட்டுக்கொண்டேன். மே. சாரிடம் முன்பே கேட்டுவிட்டேன், பாய் உள்ளே வந்து உட்காரலாமா என்று. "இதைப் போய்க் கேக்கணுமா மாணிக்கம்?" என்றார். இனிமேல் எதையும் கேட்டுவிடுவது என்று இருக்கிறேன்.

வரும் நேரம் தாண்டியது. தெரு முனையில் புகை தெரிந்தது. எழுந்தேன். அது சோளம் சுடுகிற வண்டி. உட்கார்ந்தேன். சபாபதி சார் மரத்தடியில் சிகரெட்டோடு நின்றார். "யாருக்கு இப்படிக் காத்திருக்கீங்க, சம்பந்தி வீட்டு ஆளுங்களா?" என்றார். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான ஜும்மா தொழுகைக்கு முன்னால் பாய் வரவில்லையென்றால் இன்று வரமாட்டார். இன்று வரவில்லையென்றால் இனி எப்போதும் வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

வந்தார். வேறு பக்கத்திலிருந்து வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த தெருவிலிருந்து இல்லை.

சபாபதி சார் சிகரெட்டை அவசரமாக அணைத்துவிட்டு இடம் விட்டார். பாய் தூபக்காலை மரத்தடியில் வைத்து, ஊதி, சாம்பிராணி தூவினார். உடனே காற்று திரும்பியது. மொத்தப் புகையும் நேரே ஆபீஸ் கதவைப் பார்த்துப் போனது. கவிதா மேடம் ஓடி வந்தாள். "தாத்தா, காத்து இந்தப் பக்கம், இந்தப் பக்கம்." தூபக்காலைத் தூக்கிக்கொண்டு பாயும் நானும் மேடமும் கேட்டுக்கு வெளியே ஓடினோம். பாய் முதல் தடவையாகச் சிரித்தார்.

ரிசப்ஷன் பெண் உள்ளே போய்ச் சொல்ல, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலாளியம்மாகூட வந்தார்கள். இத்தனை நாள் பாய் அவர்களைத் தேடி மேஜை மேஜையாகப் போவார். இன்று அவர்கள் மேஜையை விட்டுவிட்டு, தெருவில் ஆடிக் காற்றில் நின்று, இரண்டு கையாலும் புகையை அள்ளி முகத்தில் ஒற்றிக்கொண்டார்கள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன். என் கட்டடம், என் வேலை, தினம் பார்க்கிற முகங்கள். எல்லாம் கோயிலில் பார்ப்பதுபோல இருந்தது.

எல்லாரும் உள்ளே போன பிறகு, "வாங்க பாய், டீ" என்றேன். தூபக்காலை மதில் ஓரம் வைத்தார். விசிறியை மதில் மேல் சாய்த்து வைத்தார். வெறும் கையோடு படி வரைக்கும் வந்தார்.

படியில் நின்றார். போர்டைப் பார்த்தார்.

நான் படித்துக் காட்ட வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். அதே நேரம் பார்சல் கொடுக்க ஒரு கொரியர்க்காரர் படியேறி வந்தார். பாய் அவரை மறித்தார்.

"தம்பி, இதுல என்னா எழுதியிருக்கு?"

அவர் நிற்கக்கூட இல்லை. "உள்ளே புகை பிடிக்கக் கூடாது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான்கு சொல்லும் அவர் வாயில் ஒரே சொல்லாக இருந்தது.

"அவ்வளவுதானா?" என்று என்னிடம் கேட்டார் பாய்.

"அவ்வளவுதான் பாய்."

எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் வேறொருவரைக் கேட்டிருப்பேன்.

பாய் குனிந்து செருப்பைக் கழற்றினார். இது ஆபீஸ், வேண்டாம், யாரும் கழற்றுவதில்லை என்றேன். கேட்கவில்லை. ஓரமாக, ஜோடியாக வைத்தார். கதவை நான் பிடித்துக்கொண்டேன். உள்ளே போனார்.